சாலமன் அண்ணாவின் இடப்பக்கம்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் மூன்று பேருக்கும் சேர்த்தே இதை டைப் செய்கிறேன். தனித்தனியாக உட்காரவைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. கட்டைவிரலும் கிடையாது. ஏழு வருடம் ஊரார் கழுத்தை அமுக்கியதில் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. இனியும் கையால் வேலை செய்தால் ஆப்பரேஷன்தான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, முப்பத்தோரு வயதில் நான் ரிட்டயர்டு. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எந்த எலும்பை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் தள்ளுவது என்பதெல்லாம் இதில் வராது. காலேஜில் நான்கரை வருடம் பிசியோதெரபி படித்தீர்கள், அதற்குமேல் பெங்களூருக்குப் போய் கைரோபிராக்டிக் கோர்ஸும் முடித்துவிட்டு வருகிறீர்கள். உங்கள் கை என் கையைவிட நன்றாகவே இருக்கும். நான் சொல்லப்போவது நான் சொதப்பிய ஒரு கேஸ். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரையும் போட்டுக்கோமா, நானே ஊரு பூரா சொல்லிட்டேன்" என்றார்.

அவர் பெயர் சாலமன். ஐம்பத்திரண்டு வயது. தோல் பதனிடும் டேனரி ஒன்றில் செலக்ஷன் பார்க்கிறவர். ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, பளபளப்பாக முடிந்துவந்த தோல்கள் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் அடுக்காக வந்து நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற மேஜைமேல் விரித்து, உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பின்பக்கம் சாக்பீஸால் எண் போட வேண்டும். ஒரு தோலுக்குச் சில நொடிகள்தான். அவர் போட்ட எண்ணை நம்பித்தான் அந்தத் தோல் ஷூ ஆகி வெளிநாடு போகிறது. இருபத்தாறு வருடமாக அவர் செய்த வேலை அது.

அவர் முதலில் வந்தபோது கழுத்து இடப்பக்கம் இறுகிப்போயிருந்தது. வலப்பக்கம் பாதிகூடத் திரும்பவில்லை. தோள்பட்டைவரை வலி. படுக்கவைத்தேன், பார்த்தேன், பிடித்தேன், திருப்பினேன். படக்கென்று சத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டர்மா, தலைய கழட்டி எண்ணெ போட்டு மாட்டுன மாதிரி கீது" என்றார்.

அந்த வசனம் வீடியோவில் பதிவாகிவிட்டது. அப்போதெல்லாம் டேபிளுக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் என் போன் எப்போதும் நிற்கும். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். கழுத்து படக்கென்கிற சத்தத்துக்கு இன்ஸ்டாவில் இருக்கும் மவுசு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலமன் அண்ணாவின் வீடியோ ஓடியதைப் பார்த்து வாணியம்பாடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆலங்காயத்திலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

நம் வாசல் போர்டில் இருக்கும் 'கைரோபிராக்டிக்' என்ற வார்த்தையை ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். 'நெட்டி எடுக்கற எடம்' என்பார்கள். கோபப்படாதீர்கள். எதிர்வரிசையில் பாபு அண்ணனின் சலூன் இருக்கிறது. அவர் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எடுத்துத்தான் ஆளை எழுப்புவார். பாதி ஊருக்கு நமக்கு முன்பே அவர்தான் கழுத்து வைத்தியர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சாலமன் அண்ணா வாராவாரம் வியாழக்கிழமை வர ஆரம்பித்தார். எடுத்துவிட்டால் மூன்று நாள் நன்றாக இருக்கும். நான்காம் நாள் பழைய கதை. நான் தலையணையை மாற்றச் சொன்னேன், மாற்றினார். டி.வி.எஸ்ஸில் மூட்டை கட்டிப் போகாதீர்கள் என்றேன், விட்டார். போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னேன்.

"பட்டன் போனுமா" என்று எடுத்துக் காட்டினார்.

"அப்போ சபையில குனிஞ்சு ஜாஸ்தி ஜெபம் பண்றீங்க."

"அதையும் கம்மி பண்ணச் சொல்லுவீங்க போல."

இப்படியே நாலு மாதம். பதினாறு முறை அந்தக் கழுத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தது, அவர் சிரித்தார், நான் ஜெயித்தேன். ஒரே கழுத்து பதினாறு முறை அதே இடத்தில் இறுகுகிறது என்றால் யாரோ அதை அங்கே இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அது யார் என்று நான் கேட்கவில்லை. சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பதினேழாவது வியாழக்கிழமை ஏசியில் தண்ணீர் ஒழுகியது.

நம் டேபிள் எப்போதும் சுவரோரம்தான் கிடந்தது. படுப்பவரின் இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் நான். அதுவரை பெரும்பாலும் எல்லாரையும் வலப்பக்கமிருந்தேதான் தொட்டிருக்கிறேன். அன்றைக்குத் தண்ணீர் சொட்டியதால், நம் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிற செல்வி அக்காவும் நானும் டேபிளை அறையின் நடுவே இழுத்துப் போட்டோம். சாலமன் அண்ணா வந்து உட்கார்ந்தார். நான் கை கழுவிவிட்டு அவருடைய இடப்பக்கமாக நடந்து வந்து தோளில் கை வைத்தேன்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னா டாக்டர்மா, சொல்லாம கொள்ளாம வந்து தொடறீங்க."

"கண்ணு முன்னாடியேதானேணா நடந்து வந்தேன்."

"பாக்கலம்மா. ஏதோ யோசனை."

கதவிலிருந்து அவர்வரை பத்தடி. வெள்ளை கோட்டு போட்ட ஒரு ஆள் பத்தடி நடந்துவருவது தெரியாத அளவுக்கு என்ன யோசனை? பேசிக்கொண்டே என் கையை மெதுவாக அவருடைய இடது கண்ணருகே கொண்டுபோனேன். விரலை ஆட்டினேன். இமைக்கவில்லை.

"அண்ணா, வலது கண்ண கையால மூடுங்க."

"எதுக்கு?"

"சும்மா மூடுங்க."

அவர் மூடவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கதவ சாத்திட்டு வாங்க" என்றார்.

சாத்திவிட்டு வந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்றார். முதலில் ஓரத்தில் புகை மாதிரி இருந்ததாம். வலி இல்லை, எரிச்சல் இல்லை. புகை உள்ளே உள்ளே வந்து, இப்போது இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம்.

"யார்கிட்ட காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"வீட்டுல?"

"தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல தெரியுது."

"வேலை எப்படிணா பாக்கறீங்க?"

"வலது கண்ணு இருக்குது. வெரலு இருக்குது. தோலு இடப்பக்கத்துலேர்ந்து வரும், அதனால தலைய அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்குவேன். அவ்ளோதான்."

நான் நாலு மாதமாகத் தேடாமல் விட்டது அவ்வளவுதான். தெரியாத பக்கத்துக்கு வலது கண்ணைக் கொண்டுபோக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவர் கழுத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் வாரத்துக்கு ஒருமுறை அதை நேராக்கி, மறுபடி திருப்பிவைத்துக்கொள்ள அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே கண்ணு ஆஸ்பத்திரி போறோம்" என்றேன்.

"போனா சீட்டு எழுதித் தருவான். கம்பெனிக்குத் தெரியும். செலக்ஷன்ல கண்ணுதான்மா ஆளே. ஒத்தக் கண்ணுன்னு தெரிஞ்சா மறுநாளே தோலு ஊறுற டிரம்முகிட்ட அனுப்பிடுவாங்க, பச்சத் தோலு தூக்க. இந்த வயசுல தூக்க முடியுமா? இன்னும் ஆறு வருஷம் இருக்குது. நீங்க கழுத்த மட்டும் பாருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

"வலது கண்ணும் போனா எதால பாத்துப்பீங்க?"

அவர் வழக்கம்போல் டேபிளில் படுத்து, தலையை என் பக்கம் நீட்டினார். "எடுங்க டாக்டர்மா. ராத்திரியெல்லாம் தூங்கல."

நான் அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நாம் எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. தலைசுற்றல் உண்டா, பேச்சு குழறியதா, பார்வையில் மாற்றம் உண்டா. கழுத்தில் கை வைக்கும் முன் இதைக் கேட்காமல் இருக்கக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. காரணம் தெரியாத பார்வைக் கோளாறு இருக்கும்போது கழுத்தைத் திருப்பினால் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தது. டிக் போட்டது அவரில்லை. என் பேனா, என் கை. அன்றைக்குக் கூட்டம் என்பதால் மொத்தமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். கேட்டிருந்தாலும் அவர் மறைத்திருப்பார்தான். ஆனால் நான் கேட்கவில்லை.

"இனிமே நெட்டி கிடையாதுணா" என்றேன். "கண்ணக் காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க கழுத்த தொடமாட்டேன்."

"வலிக்குதுமா."

"தெரியும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க, மாத்திரைக்கு எழுதி வாங்கித் தரேன். திருப்ப மாட்டேன்."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். இடப்பக்கச் செருப்பைக் காலால் தடவித்தான் தேடினார், நான் அப்போதுதான் கவனித்தேன். "ஊருல நீங்க ஒருத்தர்தான் நெட்டி எடுக்கறீங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் என் போனில் அவருடைய பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கழுத்து எடுத்ததும் இரண்டு பக்கமும் அழகாகத் திரும்புகிறது. கடைசியில் போனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டுகிறார். காட்டும்போது தலை இடப்பக்கம் போய்விடுகிறது. எல்லா வீடியோவிலும். அத்தனை பேர் பார்த்தார்கள், நான் எடிட் செய்து பாட்டுப் போட்டேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

சனிக்கிழமை அவருடைய கம்பெனி மேனேஜர் போன் செய்தார். அந்தக் கம்பெனி தன் ஆட்களை நம்மிடம்தான் அனுப்புகிறது, பீஸும் அதுவே கட்டுகிறது. நம் ஓனர் சார் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சாலமன் ரெண்டு நாளா ஒரு மாதிரி கீறாரு. அடுத்த வாரம் தோலு வாங்கற பையர் வராங்க. ஆளு இன்னா கண்டிஷன்? கழுத்து மட்டும்தானா, வேற எதுனா இருக்குதா?"

"கழுத்து மட்டும் இல்ல சார்" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லெண்ணத்தில்தான் வந்தது. இவரிடம் சொன்னால் இவரே லீவு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார், வேலை சுலபம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. சொன்னால் கண்ணைக் காப்பாற்றலாம், வேலையைப் பிடுங்கியது நானாக இருப்பேன். அவர் யாரிடமும் சொல்லாததை என்னிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"சாலமன் அண்ணா விஷயத்த அவர்கிட்டயே கேளுங்க சார்" என்றேன். "யாரப் பத்திக் கேட்டாலும் நான் இதான் சொல்லுவேன்."

"நாங்கதானே மேடம் பீஸ் கட்டறோம்?"

"கழுத்து அவரோடதுதானே சார்."

வைத்துவிட்டார். ஓனர் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கம்பெனி போச்சுன்னா நீதான் எனக்குப் பதில் சொல்லணும்" என்றார். சொல்லுகிறேன் என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் நமக்கு அன்றுதான் கூட்டம். ஒரு தையல்காரப் பெண்ணுக்குத் தோள் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே சலூன் வாசலில் சாலமன் அண்ணாவின் டி.வி.எஸ் நின்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணி. பாபு அண்ணன் சீப்பை வைத்துவிட்டு இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. ஆண்கள் சலூனுக்குள் நான் அதற்குமுன் போனதில்லை. கதவைத் தள்ளியபோது பாபு அண்ணனின் ஒரு கை தாடையிலும் இன்னொரு கை பின்மண்டையிலும் இருந்தது.

"பாபுண்ணா, கைய எடுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாபு அண்ணன் கையை எடுக்கவில்லை.

"இன்னா மேடம், உங்க கஸ்டமர நான் புடுங்கிட்டேனா?"

"மொதல்ல எடுங்கணா."

"பாஞ்சு வருஷமா எடுக்கறேன். ஒரு கம்ப்ளைண்டு உண்டா கேளுங்க. நீங்க போர்டு போட்டு எடுக்கறத நான் போர்டு இல்லாம எடுக்கறேன், அவ்ளோதானே."

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரில் ஒருத்தர் சிரித்தார். "நெட்டிக்கு இவ்ளோ போட்டியா? டாக்டர்மா, வீடியோ எடுக்கலியா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நாலு மாத வெட்கமும் சேர்ந்துகொண்டது. இந்த மனுஷனுக்கு இடது கண் தெரியவில்லை, இந்தக் கழுத்தைத் திருப்பாதே என்று கத்தியிருந்தால் அடுத்த நொடியே பாபு அண்ணன் கையை எடுத்திருப்பார். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது சிரித்த ஆளின் சட்டை கண்ணில் பட்டது. சாலமன் அண்ணாவின் கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த டி-ஷர்ட். கம்பெனி பெயர் நெஞ்சில் கொட்டை எழுத்தில்.

கண்ணாடியில் சாலமன் அண்ணா என்னைப் பார்த்தார். தலை பாபு அண்ணனின் பிடியில் இருந்ததால் அசைக்க முடியவில்லை. வலது கண் மட்டும் என்மேல் நின்றது.

"தப்பு என்னோடது பாபுண்ணா" என்றேன். "போன தடவ நான் தப்பா எடுத்துட்டேன். உள்ள நரம்பு வீங்கியிருக்கு. ரெண்டு வாரத்துக்கு யாரும் கழுத்த தொடக்கூடாது. அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

பாபு அண்ணன் சாவகாசமாகக் கையை எடுத்தார்.

"நீங்களே தப்பா எடுத்தீங்களா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார், எனக்கு ஆறுதலாகச் சொல்கிற மாதிரி. "படிச்சாலும் கை பழகணும் மேடம்."

டி-ஷர்ட்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. போனை எடுத்தார். திங்கட்கிழமை டீ நேரத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது. அடுத்த இரண்டு வாரம் பாதி அப்பாயின்ட்மென்ட் கேன்சல். வாணியம்பாடிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஓனர் சார் என்னோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்தி, செல்வி அக்கா வழியாகச் சொல்லி அனுப்பினார்.

நான் சொன்னது பொய்தான். நரம்பு வீங்கவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்ற வரை நிஜம், அதனால் சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை. நோயாளியைக் காப்பாற்ற எப்போதும் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. கத்திவிட்டால் காரியம் உடனே முடியும் என்கிற நேரத்தில், அது யாருடைய விஷயம் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவ்வளவு நேரம் எப்போதும் இருக்கும்.

வெளியே வந்து டி.வி.எஸ் பக்கத்தில் நின்றோம். அவர் சாவியைப் போட்டுவிட்டுக் கிளப்பாமல் நின்றார்.

"உங்க பேர நீங்களே கெடுத்துக்குனீங்களேமா."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. திரும்ப சம்பாதிச்சுக்கலாம்."

"கண்ணுன்னு சொல்லியிருந்தா உடனே எடுத்துருப்பான்."

"சொல்ல வேண்டியது நீங்க. நான் இல்ல."

சாலையைப் பார்த்தார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. அதைப் பார்க்கத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது, வலியில் பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போவணும்?" என்றார்.

"ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல இருங்க. அக்காவையும் கூட்டிக்கினு வாங்க. இன்னிக்கு ராத்திரியே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

வேலூர் பஸ்ஸில் அவருடைய மனைவி ரோஸ்லின் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலமன் அண்ணா முன் சீட்டில். ராத்திரி அழுததில் அக்காவின் முகம் வீங்கியிருந்தது. விரிஞ்சிபுரம் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"தட்டுல இடப்பக்கம் வெச்ச பொரியல தொடவே மாட்டாருமா. ஒரு வருஷமா. என் கையால பண்ணது புடிக்கலன்னு நெனச்சேன். அதுக்கே எத்தன நாள் சண்ட போட்டிருக்கேன்."

முன் சீட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பொரியல் வெச்சதே எனக்குத் தெரியாதுடி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வருடம் ஒரே வீட்டில் சாப்பாடு போட்டவருக்குத் தெரியவில்லை, நாலு மாதம் கழுத்தைப் பிடித்த எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்காவது மன்னிப்பு உண்டு. அவர் ஃபாரத்தில் டிக் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கண் அழுத்த நோய் என்றார்கள். வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடுகிறது. இடது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும், இப்போது சொட்டு மருந்து போட்டு நிறுத்தப் பார்க்கலாம், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் கண் டாக்டர். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாலமன் அண்ணா தானே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, "இது என் கண்ணுமா" என்றார்.

கதை இங்கே சந்தோஷமாக முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றால், முடியவில்லை. எக்ஸ்போர்ட் செலக்ஷனிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். டிரம் பக்கம் அனுப்பவில்லை, அதுவரை பரவாயில்லை. ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற லைனிங் தோலைப் பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். சம்பளம் அதேதான், ஆனால் அந்த மேஜைப் பக்கம் எந்தப் பையரும் வரமாட்டார். ஒரு மாதம் கழித்து நம் கிளினிக் வந்தார்.

"கண்ண காப்பாத்திட்டீங்க" என்றார். "வேலைய காப்பாத்தல."

"ஆமாணா" என்றேன். இந்த மாதிரி நேரத்தில் சமாதானம் சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்குங்கள். அவர் இழந்ததை அவர் சொல்லட்டும்.

ஆனால் கழுத்து இன்னும் என் வேலை. புது இடத்தில் தோல் அடுக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டேன். பழையபடி இடப்பக்கம். மறுநாள் நானே கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "நெட்டி எடுக்க வந்தீங்களா?" என்றார். "இல்ல சார், மேஜை திருப்ப வந்தேன்" என்றேன். இரண்டு ஆட்களை வைத்து அரை மணி நேரத்தில் மேஜையைத் திருப்பிப் போட்டோம். அடுக்கு இப்போது வலப்பக்கம் வருகிறது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை விட்டுவிட்டுக் காலை நகர்த்தி உடம்போடு திரும்புங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மாதம் பயிற்சி. அதன்பிறகு அவர் கழுத்து வலி என்று வரவில்லை. பதினாறு முறை படக்கென்று எடுத்துத் தீராதது ஒரு சத்தமும் இல்லாமல் தீர்ந்தது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. போன் ஸ்டாண்டை அந்த வாரமே எடுத்து வீட்டில் கட்டில் அடியில் போட்டுவிட்டேன், வேண்டுமானால் துணி காயப்போட உதவும்.

அந்தக் கம்பெனி நம்மை விட்டுப் போகவில்லை. மேனேஜரும் ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதை உங்களிடமும் சொல்லமாட்டேன்.

மற்றபடி சாலமன் அண்ணா சலூனில் தானே உட்கார்ந்து கதை முழுவதையும் சொல்லிவிட்டார். மறுநாள் பாபு அண்ணன் என்னை ரோட்டில் நிறுத்தி, "மேடம், எங்கிட்ட போயி பொய் சொன்னீங்களே" என்று கோபித்துக்கொண்டார். இப்போது தலையைப் பிடிக்கும் முன் கண்ணு மங்கலா, தலை சுத்துதா என்று கேட்கிறார். ஆமாம் என்றால் சாலைக்கு இந்தப் பக்கம் கையைக் காட்டி நம்மிடம் அனுப்புகிறார். மாதத்துக்கு இரண்டு பேராவது அப்படி வருவார்கள். அவர்களை உட்காரவைத்து முழுக்க விசாரியுங்கள், சலூன்காரர் அனுப்பியது என்று சிரிக்காதீர்கள்.

ஃபாரத்தில் டிக்கை நோயாளி கையால் போடவையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒவ்வொன்றாகப் படித்துக் கேளுங்கள், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

கடைசியாக டேபிள். அதைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டிருக்கிறேன். தரையில் நான்கு காலுக்கும் சிவப்பு பெயின்ட்டில் அடையாளம் வைத்திருக்கிறேன். எந்தக் கழுத்தைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் ஒருமுறை இடப்பக்கமாகவும் ஒருமுறை வலப்பக்கமாகவும் நடந்து வாருங்கள். செல்வி அக்கா சாயங்காலம் தரை துடைக்கும்போது டேபிளைச் சுவரோடு தள்ளிவிட்டுப் போய்விடுவார், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். காலையில் வந்ததும் அதை இழுத்து அடையாளத்தின்மேல் போடுங்கள். டீ அதற்கப்புறம்.